திரிபலா குடித்தால் சளி பிடிக்காதா?

சென்னை தரமணியில், சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அடிப்படை மருத்துவ அறிவியல் நிலையம் ஒன்று இருக்கிறது. டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியாரின் பெயரைத் தாங்கிய நிலையம். அங்கே உடலியங்கியல் துறையில் ஆர். ஸ்ரீகுமார், ஆர். ஷீலாதேவி, அவர்களுடைய குழுவினர் எல்லோரும் சேர்ந்து 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எலிகளை நாளுக்கு 4 மணி நேரம், 15 நாள், 100 டெசிபல் இரைச்சலில் வைத்தார்கள். நம் நாடான மலேசியாவில் தொழிற்சாலைத் தொழிலாளி ஒரு நாள் முழுக்கக் கேட்கலாம் என்று சட்டம் அனுமதிக்கும் அளவு 85 டெசிபல். 100 என்பது அதைவிட மிகப் பெரிய சத்தம்.

இரைச்சல் எலிகளை என்ன செய்தது? மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்டிகோஸ்டிரோன் ஏறியது. நமக்குக் கார்டிசோல் எப்படியோ, எலிக்கு அது அப்படி. தைமஸ், மண்ணீரல் ஆகிய நோய்த்தடுப்பு உறுப்புகளில் ஆக்சிஜனேற்றச் சேதம் கூடியது. வெளியிலிருந்து வரும் பொருளை எதிர்த்துப் போராட வேண்டிய செல்களின் எதிர்வினை மங்கியது. ஆனால் 48 நாள் திரிபலா கொடுக்கப்பட்ட எலிகளிடம் இந்தச் சரிவுகள் பெருமளவு தடுக்கப்பட்டன.

திரிபலா என்றால் கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய். நம் பாட்டிமார் அடுப்படி டப்பாவில் வைத்திருந்த மூன்று காய்கள். ஆய்வு நடந்த நாட்கள் 48, அதாவது சித்த வைத்தியர் சொல்லும் ஒரு மண்டலம். நம் மரபு சொன்னதை நம்மவர்களே ஆய்வுக்கூடத்தில் வைத்துச் சோதித்துப் பார்த்தது எனக்கு மிகவும் பெருமையான விஷயம். அதனால்தான் இந்த ஆய்வு எவ்வளவு சொல்கிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதையும் சரியாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் இன்று "எதிர்ப்புச் சக்தி" என்ற பெயரில் விற்கும் பாட்டில்களைப் பார்க்கும்போது இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலில் அளவு. அந்த எலிகளுக்குக் கொடுத்தது ஒரு கிலோ உடல் எடைக்கு 1 கிராம். எலிக்குரிய அளவை மனிதனுக்கு மாற்றும்போது ஆய்வாளர்கள் சுமார் ஆறால் வகுப்பார்கள். அப்படிப் பார்த்தாலும் 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு ஏறக்குறைய 10 கிராம் வருகிறது. நாம் இரவில் வெந்நீரில் கலக்கும் அரை டீஸ்பூன் 2 கிராம் இருந்தால் அதிகம். எலிக்குக் கிடைத்த பலன் அப்படியே நமக்கும் கிடைக்கும் என்று எண்ண முடியாது. அதற்காக 10 கிராம் குடிக்கவும் கூடாது. கடுக்காய் மலமிளக்கி, பலருக்கு வயிறு கலக்கிவிடும்.

மனிதர்களிடம் பார்த்தார்களா? பார்த்தார்கள். தாய்லாந்தில் 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், நல்ல உடல்நலத்தோடு இருந்த 20 பேருக்கு இரண்டு வாரம் திரிபலாச் சாற்றுப் பொடி கொடுத்தார்கள். கிருமி புகுந்த செல்களை அழிக்கும் டி-செல்களும், இயற்கைக் கொல்லி செல்களும் ரத்தத்தில் கூடின. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் 20 பேர், இரண்டு வாரம். செல்கள் கூடியது என்பது ஒன்று, அந்த ஆட்களுக்குச் சளி காய்ச்சல் குறைந்தது என்பது வேறு. பாட்டிலின் முன்பக்கத்தில் இந்த வித்தியாசம் காணாமல் போய்விடுகிறது.

மன அழுத்தம் சளியைக் கூட்டிவரும் என்பது வெறும் பேச்சில்லை. ஷெல்டன் கோஹன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவும் இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் 394 பேரின் மூக்கில் சளிக் கிருமியைச் சொட்டுவிட்டு, தனிமைப்படுத்தி வைத்துக் கவனித்தார்கள். 1991-இல் முடிவு வெளியானது. அழுத்தம் மிகக் குறைவாக இருந்தவர்களில் சளி பிடித்தது சுமார் 27 சதவீதம் பேருக்கு. அழுத்தம் மிக அதிகமாக இருந்தவர்களில் 47 சதவீதம் பேருக்கு. ஒவ்வொருவருக்கும் ஐந்து வகைக் கிருமிகளில் ஒன்றைச் சொட்டினார்கள். எந்தக் கிருமியானாலும் போக்கு இதேதான். காலையில் கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் நின்று, மாலையில் கிள்ளானுக்குத் திரும்பி, பிள்ளையின் எஸ்பிஎம் படிப்பையும் வீட்டுக் கடனையும் நினைத்துக்கொண்டு படுப்பவருக்கு மாதம் ஒருமுறை தொண்டை கரகரப்பது அவர் கற்பனையில்லை.

அப்படியானால் பழங்கள் உதவுமா? இதற்கு இருக்கும் நல்ல சான்று திரிபலாவில் இல்லை, வைட்டமின் சி-யில் இருக்கிறது. 2013-இல் காக்ரேன் அமைப்பு பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டி ஒரு மதிப்பாய்வு வெளியிட்டது. பொதுமக்கள் தினமும் வைட்டமின் சி மாத்திரை எடுப்பதால் சளி வருவது குறையவில்லை. வந்த சளி கொஞ்சம் சீக்கிரம் விட்டது. பெரியவர்களுக்குச் சுமார் 8 சதவீதம், குழந்தைகளுக்கு 14 சதவீதம். ஆனால் ஒரு பிரிவினருக்கு மட்டும் சளி வரும் வாய்ப்பே பாதியானது. மராத்தான் ஓடியவர்கள், பனிச்சறுக்கு வீரர்கள், கடுங்குளிரில் பயிற்சி எடுத்த ராணுவத்தினர் என 598 பேர். உடல் கடுமையாக வதைபடும் நாட்களில் அந்தச் சத்து கைகொடுத்திருக்கிறது.

இதை நான் ஒதுக்கிவிட மாட்டேன். துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர், வெயிலில் மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுபோகும் தம்பி, கட்டட வேலைக்காரர், இரவு ஷிஃப்ட் தாதி இவர்களெல்லாம் நாளெல்லாம் உடம்பை வருத்துகிறவர்கள். இவர்களில் பலர் பழத்தையே தொடுவதில்லை. காலையில் ரொட்டிச் சானாய், மதியம் தாபாவ் செய்த நாசி சம்பூர், இரவில் மேகி. இவர்களுக்கு முதலில் வேண்டியது சாற்றுக் காப்சூல் இல்லை, பழம்.

மலேசியர்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட வைட்டமின் சி, வளர்ந்தவருக்கு நாளுக்கு 70 மில்லிகிராம். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. அதே எடை ஆரஞ்சில் சுமார் 50. பாசார் மாலாமில், அலுவலகத்துக்குக் கீழே, பெட்ரோல் நிலையத்துக்குப் பக்கத்தில், எங்கே பார்த்தாலும் வெட்டுப் பழக் கடையில் ஜம்பு பத்து என்ற இந்தக் கொய்யா இருக்கிறது. பெரிய பழத்தில் கால் பங்கே அன்றைய தேவைக்குப் போதும். 'அசாம் போய்' என்ற புளிப்புப் பொடியைத் தனியாக ஒரு பொட்டலத்தில் கட்டிக் கொடுப்பார்கள். அதில் பெரும்பாலும் உப்பும் சர்க்கரையும்தான். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இனி நெல்லிக்காய். நம் நாட்டுக்கும் அதற்கும் உறவு உண்டு. பரமேஸ்வரா மலாக்கா மரத்தடியில் அமர்ந்திருந்தபோது சருகுமான் ஒன்று வேட்டை நாயை எட்டி உதைத்ததாகவும், அந்த மரத்தின் பெயரையே தன் ஊருக்கு வைத்ததாகவும் மலாய் மரபு சொல்கிறது. அந்த மலாக்கா மரம்தான் நம்முடைய நெல்லி. இன்றும் மலாக்கா மாநிலச் சின்னத்தில் அந்த மரம் நிற்கிறது. தீபகற்பத்துக் காட்டிலேயே விளையும் காயை நாம் இந்தியாவிலிருந்து கப்பலில் வரும் பாட்டிலில் மட்டும் தேடுகிறோம்.

நெல்லியில் எவ்வளவு வைட்டமின் சி என்பதில் எண்கள் ஒத்துப்போவதில்லை. பழைய இந்திய உணவுப் பட்டியலில் 100 கிராமுக்கு 600 மில்லிகிராம் என்று இருந்தது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட புதிய பட்டியலில் சுமார் 250. குறைத்துக் கணக்கிட்டாலும், ஒரு பெரிய நெல்லிக்காய் ஒரு நாள் தேவையைத் தீர்த்துவிடும். காயவைத்துப் பொடித்தால் வைட்டமின் சி-யில் ஒரு நல்ல பங்கு போய்விடும். துவர்ப்புத் தரும் டானின்கள் தங்கும். திரிபலாவின் ஆக்சிஜனேற்றத் தடுப்புக்கு இந்தத் துவர்ப்புப் பொருட்கள்தான் முக்கியக் காரணம். எனவே பச்சை நெல்லிக்காயும் திரிபலாப் பொடியும் ஒன்றுக்கு ஒன்று மாற்றில்லை. இரண்டும் தருவது வேறு வேறு.

கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில், பூமாலைக் கடைகளையும் புடவைக் கடைகளையும் தாண்டிப் போனால் நாட்டு மருந்து விற்கும் கடைகள் வரும். முழுக் கடுக்காய் வாங்கிப் பாருங்கள். பழுப்பும் மஞ்சளும் கலந்த நிறம், நீளவாட்டில் ஐந்தாறு வரிகள், கையில் எடுத்தால் கனம். காதருகே ஆட்டினால் சத்தம் வரக் கூடாது. உள்ளே ஆடினால் காய் பழையது அல்லது பூச்சி அரித்தது. இடிகல்லில் வைத்து ஓங்கி ஒரு தட்டு தட்டினால் தோல் பிளந்து கொட்டை தெரியும். கொட்டையை எடுத்து எறிந்துவிட்டுத் தோலை மட்டும்தான் இடிக்க வேண்டும். கடுக்காய்க்கு உள்ளே நஞ்சு, சுக்குக்கு வெளியே நஞ்சு என்று பெரியவர்கள் சொல்லிக் கொடுத்தது இதைத்தான். தான்றிக்கும் கொட்டை நீக்க வேண்டும். நெல்லி வற்றலில் கொட்டை இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும். மூன்றையும் சம அளவு எடுத்து இடித்துச் சலிப்பவர்கள் உண்டு. கடுக்காய் ஒரு பங்கு, தான்றி இரண்டு, நெல்லி நான்கு என்று சேர்ப்பவர்களும் உண்டு. நம் ஈரப்பதத்தில் பொடி சீக்கிரம் கட்டி தட்டும், பூஞ்சை பிடிக்கும். கொஞ்சமாக இடித்து, கண்ணாடிப் போத்தலில் இறுக மூடி வையுங்கள். கட்டி தட்டியதைத் தூக்கிப் போடுங்கள்.

இதுவரை சொன்னது சமையலறையின் அளவு. சிக்கல் எங்கே வருகிறது என்றால், காய் செறிவாகும் இடத்தில். பத்துப் பழத்தைப் பிழிந்து ஒரு குவளையில் ஊற்றினால் நல்லதும் பத்து மடங்கு, கெட்டதும் பத்து மடங்கு. நல்லதை மட்டும் பிரித்துக் குடிக்க வழியில்லை.

என் சித்தி கிள்ளானில் இருக்கிறார். இனிப்புநீருக்குப் பல வருடமாக மாத்திரை. ஒருமுறை போனபோது மேசையில் நெல்லிச் சாற்றுப் பாட்டில் ஒன்றும் லேகிய டப்பா ஒன்றும் இருந்தன. "இது மூலிகைதானம்மா, ஒன்னும் செய்யாது" என்றார். "சித்தி, டப்பாவைத் திருப்புங்க, எது முதல்ல எழுதியிருக்குன்னு பாருங்க" என்றேன். லேபிளில் எது அதிகமோ அதுதான் முதலில் வரும். முதலில் இருந்தது சர்க்கரை. சாற்றுப் பாட்டிலில் வேறு கவலை. நெல்லி தன்னளவில் ரத்தச் சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கக்கூடியது. மாத்திரையும் இறக்கும், சாறும் இறக்கும் என்றால் மயக்கம் வரலாம். சித்தி கோபித்துக்கொள்ளவில்லை. "டாக்டர்கிட்ட இதெல்லாம் சொல்லணுமா?" என்று கேட்டார். சொல்ல வேண்டும் என்பது அவருக்கு அதுவரை தோன்றவே இல்லை. அவருக்கு மட்டுமில்லை, நம்மில் பலருக்கும் தோன்றுவதில்லை.

இது ஏன் நமக்கு முக்கியம் என்றால், 2019-இல் நாடு முழுக்க நடந்த தேசியச் சுகாதார ஆய்வில் வளர்ந்தவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு இனிப்புநீர் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். இனிப்புநீர் முற்றினால் அடுத்து சிறுநீரகம். இந்நாட்டில் டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் 50,000-க்கு மேல். சிறுநீரகம் தளர்ந்தவருக்குப் பழச்சாறு விளையாட்டில்லை.

பெலிம்பிங், அதாவது நட்சத்திரப் பழம். உடம்புச் சூட்டுக்கும் இருமலுக்கும் நல்லது என்று பிழிந்து குடிக்கும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. சிறுநீரகம் செயலிழந்தவர்கள் ஒரே பழம் சாப்பிட்டாலும் விடாத விக்கல், குழப்பம், வலிப்பு வரை போய், சிலர் இறந்தும் இருக்கிறார்கள். பிரேசில் ஆய்வாளர்கள் 2013-இல் அதற்குக் காரணமான கேரம்பாக்சின் என்ற நச்சைக் கண்டுபிடித்துப் பெயரிட்டார்கள். அதன் உறவுக்காய் புளிப்பு பெலிம்பிங். கேரளத்தில் இரும்பன்புளி என்பார்கள். கொழுப்பைக் குறைக்கும் என்று அதன் சாற்றைக் கெட்டியாகப் பிழிந்து குடித்தவர்களுக்கு, அதுவரை சிறுநீரகக் கோளாறே இல்லாதவர்களுக்கும், ஆக்சலேட் படிந்து சிறுநீரகம் பழுதானதைக் கேரள மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதே காயைக் குழம்பில் இரண்டு போட்டுச் சமைத்தவர்கள் காலங்காலமாக நன்றாகத்தான் இருக்கிறார்கள். அளவுதான் வித்தியாசம்.

மெங்குடு சாறும் அப்படித்தான். நம் நுணாவின் இனம். அதைச் சர்வரோக நிவாரணியாக வீடு வீடாக நேரடி விற்பனையில் விற்றார்கள். 2000-இல் அமெரிக்க மருத்துவர்கள் ஒரு சிறுநீரக நோயாளியைப் பற்றி எழுதினார்கள். உணவில் பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்தியும் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கவே இல்லை. விசாரித்தால் அவர் மெங்குடு சாறு குடித்துக்கொண்டிருந்தார். அதில் ஆரஞ்சுச் சாறு அளவுக்குப் பொட்டாசியம் இருந்தது. பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே நிற்கலாம். மருந்தென்று நினைத்துக் குடித்ததால் அவர் அதை உணவுக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

வார்ஃபரின் போன்ற, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும், கர்ப்பிணிகளும், அறுவைச் சிகிச்சைக்குத் தயாராகிறவர்களும் எந்தப் பழச் சாற்றுப் பொடியையும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். பம்ளிமாஸ் கூடச் சில மாத்திரைகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும்.

சரி, வாங்குவது என்று முடிவு செய்துவிட்டீர்கள். என்ன பார்க்க வேண்டும்? மாத்திரை, காப்சூல், சிரப் என்று மருந்து வடிவில் விற்பது எதுவானாலும் சுகாதார அமைச்சின்கீழ் உள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பெட்டியில் 'எம்ஏஎல்' என்று தொடங்கி எட்டு இலக்கங்கள் வரும், கடைசியில் ஓர் எழுத்து. 'டி' என்றால் பாரம்பரிய மருந்து, 'என்' என்றால் சத்துணவுப் பொருள். அந்த எண்ணை நிறுவனத்தின் இணையத்தளத்தில் தட்டிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். ஹோலோகிராம் ஒட்டு வேறு இருக்கும். விளம்பரத்துக்கு 'கேகேஎல்ஐயு' என்ற அனுமதி எண் வேண்டும். இனிப்புநீர், ரத்த அழுத்தம், சிறுநீரக நோய், புற்றுநோய் உள்ளிட்ட 20 நோய்களைக் குணமாக்குவதாகப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதையே 1956-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. வாட்சாப்பில் அப்படி ஒரு விளம்பரம் வந்தால், அந்தப் பொருளை வாங்காமல் இருக்க அது ஒன்றே போதுமான காரணம்.

சித்த மருத்துவத்தையே ஒதுக்கச் சொல்லவில்லை. 2010 அக்டோபர் 27-ஆம் தேதி அப்போதைய இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் பிரிக்பீல்ட்ஸ் லிட்டில் இந்தியாவைத் திறந்துவைக்க வந்தபோதுதான், பாரம்பரிய மருத்துவத்தில் இணைந்து செயல்படும் உடன்பாட்டிலும் இரு நாடுகளும் கையெழுத்திட்டன. 2016-இல் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டமே வந்துவிட்டது. சித்த மருத்துவம், ஆயுர்வேதம், யுனானி எல்லாம் அதற்குள் வருகின்றன. பதிவு பெற்ற மருத்துவர் நாடி பார்த்து, நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளைக் கேட்டுவிட்டுத் தருவது வேறு. தெருமுனையில் லேபிள் இல்லாத பையில் கிடைப்பது வேறு. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த 2020-இல் கபசுரக் குடிநீர் நம் வீடுகளிலும் கொதித்தது. கடுக்காய்த் தோல் உட்பட 15 சரக்குகள் சேரும் மருந்து அது. அதைப் பாலில்லாத் தேநீர் மாதிரி நாள் முழுக்கக் குடித்தவர்கள் உண்டு. மருந்து என்று நம்பினால், மருந்துக்குரிய அளவோடும் நாட்களோடும் எடுப்பதுதான் அதற்கு நாம் தரும் மரியாதை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. 2015-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 164 பேர் எத்தனை மணி நேரம் தூங்குகிறார்கள் என்று ஒரு வாரம் கருவி கட்டி அளந்துவிட்டு, மூக்கில் சளிக் கிருமியைச் சொட்டினார்கள். 7 மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட, 6 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு 4 மடங்குக்கும் மேல். எனக்குத் தெரிந்து, இத்தனை பெரிய வித்தியாசத்தை எந்தப் பழச் சாறும் மனிதர்களிடம் காட்டியதில்லை. இரவு ஒரு மணி வரை கைப்பேசியைப் பார்த்துவிட்டுக் காலையில் நெல்லிச் சாறு குடிப்பதில் பெரிய பயனில்லை.

என் முடிவு இதுதான். தினமும் ஒரு துண்டு கொய்யா, கிடைக்கும்போது ஒரு நெல்லிக்காய், உடம்புக்கு ஒத்துக்கொண்டால் இரவில் கொஞ்சம் திரிபலா: இவை நல்ல உணவு, நல்ல துணை. அழுத்தமான நாட்களில் உடம்புக்குத் தேவையான சத்தைத் தரும். சளியே வராமல் காக்கும் கவசம் என்று இவற்றை யாராவது விற்றால், சான்று அந்த அளவுக்கு இல்லை.

வீட்டில் யாராவது இனிப்புநீருக்கோ, ரத்த அழுத்தத்துக்கோ, சிறுநீரகத்துக்கோ மருந்து சாப்பிடுகிறவர் இருந்தால், உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கிளினிக் போகும்போது மாத்திரைப் பையோடு அந்தச் சாற்றுப் பாட்டிலையும், பொடி டப்பாவையும், லேகியத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவர் கேட்கும்வரை காத்திருக்காமல், மேசையில் எடுத்து வையுங்கள்.